திசைகாட்டியைக் குடித்தவன்

ரன்வெய்க் கனவு கண்டுதான் எங்கள் ஊரில் மீன் காய்ந்தது. சிரிக்க வேண்டாம். மீன் வாங்கும் வணிகரின் அலுவலகச் சுவரில், வெயிலா மழையா என்று காட்டும் வானிலைமானி ஒன்று, டென்மார்க்கிலிருந்து வந்தது, பித்தளைக் குழாயோடு தொங்கியது. மேஸ்திரி எக்கெர்ட் தினமும் காலையில் அதை விரலால் இரண்டு தட்டுத் தட்டுவான். பிறகு நேராக, மீன் கழுவும் பெண்கள் கூடும் காப்பிக் கொட்டகைக்கு வந்து ரன்வெய்க்கின் முன்னால் நிற்பான்.

"என்னம்மா, ராத்திரி என்ன கனா?"

"செவலைக் குதிரை. மூணு. நம்ம களத்து மேல மேயுது."

"அப்போ வெயிலா?"

"மத்தியானம் வரைக்கும்தான். மூணாவது குதிரை நொண்டுச்சு."

அவ்வளவுதான், கம்பத்தில் கொடி ஏறிவிடும். கொடியைக் கண்டதும் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஊர்ப் பெண்கள் எல்லாரும் கடற்கரைக் கல்களத்துக்கு ஓடுவோம். உப்பில் கிடந்து, தொட்டியில் தேய்த்துக் கழுவி, அடுக்கி வைத்த மீனை ஒவ்வொன்றாகக் கல்லின்மேல் விரிப்போம், தோல் கீழே, சதை மேலே. கொஞ்ச நேரத்தில் மலையடியிலிருந்து தண்ணீர் வரைக்கும் கரை முழுக்க வெள்ளையாகிவிடும். கோடையில் எங்களுக்கு இருட்டே கிடையாது. தூங்கினோமா விழித்தோமா என்று தெரியாத வெளிச்சத்தில் அந்த வெள்ளைக்கு நடுவே குனிந்து நடந்தால், நாமே யாரோ காணும் கனவுக்குள் வேலை செய்கிறோம் என்று தோன்றும். மத்தியானத்துக்கு மேல் மேகம் திரளும். மறுபடி ஓடி எல்லாவற்றையும் குவித்துப் பாய் போட்டு மூடுவோம். மூன்றாவது குதிரை நொண்டியது பொய் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

எங்கள் ஐஸ்லாந்துக்காரர்களுக்குக் கனவு என்பது தபால் மாதிரி. வந்தால் பிரித்துப் படிக்க வேண்டும், பதில் போட வேண்டும். அதிலும் வீட்டில் ஒரு பெண் பிள்ளைத்தாச்சியாக இருக்கும்போது, செத்தவர் யாராவது கனவில் வந்து இடம் கேட்டால், அவர் பெயர் கேட்கிறார் என்று அர்த்தம். பிறக்கிற பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால் பிள்ளை தேறாது. போதகர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் அவருடைய நாலு பிள்ளைகளில் மூன்று பேருக்குப் பெயர் அப்படித்தான் வந்தது.

ரன்வெய்க் என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அகன்ற தோள், வெடித்த கை, நறுக்கென்ற வாய். பதினேழு வருஷம் ஒரே தொட்டியில் எதிரும் புதிருமாக நின்று மீன் கழுவியிருக்கிறோம். அவள் கணவன் ஸ்தூர்லா மீன்பிடிப் படகோட்டி; தரையில் நின்றால் தள்ளாடுவான், படகில் நின்றால் நிமிர்வான். கெட்டவன் இல்லை. அடித்ததில்லை, திட்டியதில்லை. ஆனால் வீட்டில் இருந்த ஒரே பால் ஆட்டை ஒரு பனிக்காலத்தில் ஓட்டிக்கொண்டு போய்ச் சாராயமாக மாற்றிக்கொண்டு வந்தான். மகள் உன்னூருக்கு அப்போது மூன்று வயது. அன்றிலிருந்து ரன்வெய்க் மதுவிலக்குச் சங்கத்தில் சேர்ந்துவிட்டாள்.

1908-ல் நாடு முழுக்க மதுவை ஒழிக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. பெண்களுக்கு அப்போது ஓட்டு இல்லை. ரன்வெய்க் வாக்குச்சாவடி வாசலில் காப்பிப் பானையோடு நின்றாள். உள்ளே போகிற ஒவ்வோர் ஆணுக்கும் ஒரு கிண்ணம் காப்பி. அவன் குடித்து முடிக்கும்வரை கண்ணை எடுக்காமல் பார்ப்பாள். "என் பொண்டாட்டிகூட என்னை அப்படிப் பாத்ததில்ல," என்று எக்கெர்ட் பிற்பாடு சொல்வான். எதற்கு ஓட்டுப் போட்டாய் என்று கேட்டால் மட்டும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பேச ஆரம்பித்துவிடுவான்.

சட்டம் வந்து சேர ஏழு வருஷம் ஆயிற்று. 1914-இன் கடைசி நாள் கடையில் மிச்சம் இருந்ததையெல்லாம் எங்கள் ஊர் ஆண்கள் குடித்துத் தீர்த்தார்கள். ஸ்தூர்லாவை இரண்டு பேர் பனிச்சறுக்குப் பலகையில் வைத்து இழுத்துக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார்கள். புத்தாண்டு காலையில் எழுந்து முகம் கழுவிவிட்டு, "முடிஞ்சுது ரன்வெய்க்," என்றானாம். அவள், "பாக்கலாம்," என்றாளாம்.

முடிந்துதான் போயிற்று என்று நாங்களும் நினைத்தோம். ஊர்ச் சிறையறையில் ஆளில்லாமல் உருளைக்கிழங்கு கொட்டி வைத்தார்கள். சனிக்கிழமைகளில் பெண்கள் பயமில்லாமல் தெருவில் நடந்தார்கள். ஆனால் இருமலுக்கு மருத்துவர் பிராந்தி எழுதித் தரலாம் என்று சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. மறு மாதமே ஊரில் பாதிப் பேருக்கு இருமல் வந்துவிட்டது. கடையில் சாராயம் கலந்த தலைமுடித் தைலம் தீர்ந்துபோயிற்று, தலையில் முடியே இல்லாதவர்கள் வாங்கியதால். அடுப்புக்கு ஊற்றும் சாராயத்தைக் குடித்து ஒருவன் கண்ணை இழந்தான். அதுவும் கிடைக்காதபோது சிலர் படகின் திசைகாட்டிக்குக் கை நீட்டினார்கள். திசைகாட்டியின் ஊசித் தட்டு சாராயத்தில்தான் மிதக்கும். தண்ணீரில் மிதக்கவிட்டால் குளிரில் உறைந்து, தட்டு அசையாமல் நின்றுவிடும்.

1917 மார்ச்சில் ஸ்தூர்லாவின் படகு போயிற்று. படகில் இருந்தது ஐந்து பேர். திரும்பும்போது பனிப்புயல், கரை தெரியவில்லை. ஸ்தூர்லா திசைகாட்டி காட்டிய வழியிலேயே சுக்கானைப் பிடித்து நேராகக் கருப்புப் பாறைமேல் கொண்டுபோய் ஏற்றினான். மூன்று பேர் பாறையைப் பிடித்துத் தொங்கிப் பிழைத்தார்கள். ஸ்தூர்லாவும், இருபத்திரண்டே வயதான என் தம்பி கெஸ்தூரும் கிடைக்கவே இல்லை. உடைந்த பலகையோடு திசைகாட்டி மட்டும் கரைக்கு வந்தது. கண்ணாடிக்கு அடியில் பனிக்கட்டி. யாரோ உள்ளே இருந்ததைக் குடித்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைத்திருக்கிறார்கள்.

யார் என்று கண்டுபிடிக்க ஊருக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. பனைமரத்தடியில் நின்று பால் குடித்தாலும் கள் என்பார்களே, எங்கள் ஊரில் மரமே கிடையாது, ஆனாலும் அந்த வழக்கம் மட்டும் உண்டு. ஸ்தூர்லா சட்டம் வந்த பிறகு குடிக்கவில்லையே என்று பிழைத்தவர்களில் ஒருவன் மெல்ல இழுத்தான். "வெளில நாடகம், உள்ள திசைகாட்டி," என்று எக்கெர்ட் அவன் வாயை மூடினான். என் அம்மா ரன்வெய்க்கின் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"உன் புருஷன் என் புள்ளைய குடிச்சுட்டான்," என்றாள்.

ரன்வெய்க்கும் அதைத்தான் நம்பினாள். தன்னை இரண்டு வருஷம் ஏமாற்றிவிட்டான் என்று நம்பினாள். கணவனின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் கவிழ்த்துப் போட்டாள். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் பிள்ளைக்கு ஸ்தூர்லா என்று பெயர் வைக்கவில்லை. ஏற்கெனவே அந்தப் பெயரோடு இருந்த தச்சன் ஒருவன் வேறு ஊருக்கே குடிபோய்விட்டான்.

உன்னூர் மட்டும் அப்பாவை விடவில்லை. பதினைந்து வயதில் அப்பாவைக் கடலுக்குக் கொடுத்தவள் அவள். கல்யாணமாகி ஒரு வருஷத்தில், 1922-ல், பிள்ளைத்தாச்சியானாள். அன்றிலிருந்து தினமும் காலையில் அம்மாவிடம் ஒரே கேள்வி.

"அப்பா வந்தாராம்மா?"

"வரல."

"வந்தா எங்கிட்ட சொல்லுவேதானே?"

"ஏன், உனக்கு வேற பேரே கெடைக்கலியா? நாலுல ஒரு பங்கு குணம் பேரோட வரும்டீ. அந்தக் குணம் வேணுமா உன் புள்ளைக்கு?"

அந்த வருஷம் ஊரே வேறு ஒரு கலக்கத்தில் இருந்தது. எங்கள் மீனை வாங்குவது ஸ்பெயின்காரன். எங்கள் திராட்சை மதுவை வாங்கு, இல்லாவிட்டால் உன் மீனுக்குத் தீர்வையை மூன்று மடங்காக்குவேன் என்றான் அவன். நாடாளுமன்றம் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பெயின் மதுவுக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டது. எங்கள் ஊரில் அரசாங்கமே கடை திறக்கப்போகிறது என்றார்கள். கருவாடு விற்ற காசு நாறாது என்று வணிகர் சிரித்தார். ரன்வெய்க் சங்கத்தின் எதிர்ப்பு மனுவை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். ஒருத்திகூடக் கையெழுத்துப் போடவில்லை.

"ஒரு கையில மனு, ஒரு கையில மீனு," என்று ஒருத்தி ராகம் போட்டாள். "ரன்வெய்க்கா, ஸ்பெயின்காரன் வாங்கலேன்னா இந்த மீனை யார் தலையில கட்டுவே? உன் கனாக் குதிரை திங்குமா?"

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவள் மனுவில் தன் பெயரை மட்டும் எழுதி, மடித்து ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டு, தொட்டிக்குத் திரும்பி அதே ஸ்பெயின்காரனுக்காக மீன் தேய்த்தாள்.

ஜூன் முதல் வாரத்தில் ஒருநாள் அவளே உன்னூரிடம் சொன்னாளாம்: "எங்கப்பா ஆஸ்கெய்ர் கனால வந்தாரு. இடம் கேட்டாரு." ஆஸ்கெய்ர் கோயில் கணக்கர், வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாதவர், சிரித்ததாகவும் யாருக்கும் நினைவில்லை. உன்னூர் அழுதாள், பிறகு சரி என்றாள். கனவை யாராவது மறுத்துப் பேசுவார்களா? பையனாகப் பிறந்தால் ஆஸ்கெய்ர் என்று முடிவாகிவிட்டது.

அதற்குப் பிறகு ரன்வெய்க்கின் கனவுகள் கோணலாயின. மழை என்றாள், வெயில் கொளுத்தியது. வெயில் என்றாள், மூடுபனி வந்து களத்தில் உட்கார்ந்தது. எக்கெர்ட் ஆரம்பத்தில் பொறுத்துக்கொண்டான். ஜூலை மத்தியில் ஒருநாள், "வெள்ளைத் துணி காயுது, நல்ல வெயிலு," என்று அவள் சொல்ல, கொடி ஏறியது. வணிகரிடம் இருந்த மீன் முழுவதையும் விரித்தோம். பதினோரு மணிக்கு மலைக்குப் பின்னாலிருந்து மழை வந்தது. தூறல் இல்லை, கொட்டியது. பாதியைக்கூட மூட முடியவில்லை. காய்ந்துகொண்டிருந்த மீன் ஊறி மஞ்சள் தட்டிப்போயிற்று.

"உன் கனாவ நம்பி என் பொழப்பு போச்சு!" என்று எக்கெர்ட் மழைக்குள் நின்று கத்தினான். "நாளைலேர்ந்து அந்தப் பித்தளைக் குழாயையே கேட்டுக்கறேன். நீ வாயத் தொறக்காதே!"

பெண்கள் எல்லாரும் நனைந்து வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். ரன்வெய்க் மட்டும் ஒரு மீன்குவியலுக்குப் பக்கத்தில், பாயின் ஓரத்தைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் போய் அந்தப் பாய்க்குள் நுழைந்தேன். உப்பு வாடை, பாயின்மேல் மழைச் சத்தம். உலகம் முழுக்கத் தூரமாய்ப் போய்விட்டது போல இருந்தது.

"எனக்குக் கனாவே வரலடீ, ஹெர்தீஸ்," என்றாள். "ஆறு வாரமா வரல. குதிரை, துணி எல்லாம் நானா கட்டிச் சொன்னது."

"ஏங்கா?"

"ஒரு கனாவ மாத்திச் சொல்லிட்டேன். அதுலேர்ந்து எனக்குத் தபால் நின்னுபோச்சு."

பாயின் ஓரத்தை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டேன்.

"வந்தது எங்கப்பா இல்ல. அவன்தான் வந்தான். அடுப்படி வாசல்ல நிக்கறான். கடல்ல போனவன் நனைஞ்சுதானே வருவான்? இவன் சட்டையெல்லாம் காஞ்சு, தலை வாரிட்டு நிக்கறான். 'எனக்கு இங்க இடம் இருக்கா ரன்வெய்க்?'னு கேட்டான். நான் வாயே தொறக்கல. வந்து மேசைல உக்காந்தான். எதிர்ல இருந்த கிண்ணத்தை எடுத்துக் கவுத்து வச்சான். வச்சிட்டு என்னையே பாத்தான். அவ்ளோதான்."

"கவுத்து வச்சாரா?"

"கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சவன் கவுத்துத்தானே வைப்பான்? செத்தும் அவனுக்கு அதே நெனப்பு. அந்தப் பேரை எப்படிடீ என் பேரனுக்கு வைப்பேன்? ஆனா கேட்டுட்டான். வைக்கலேன்னா புள்ளைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு. வச்சா குடிகாரனாயிடுவான்னு பயமா இருக்கு. நான் என்ன செய்யட்டும்?"

அவள் பயப்பட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

இனி என் கதையைச் சொல்லாமல் நகர முடியாது. படகு போவதற்கு நாலு நாள் முன்னால் என் பிறந்தநாள். கெஸ்தூர் சட்டைக்குள் ஒரு புட்டியை மறைத்துக்கொண்டு வந்தான். அம்மா ஆட்டுக் கொட்டகையில் இருந்தாள். என் காப்பியில் இரண்டு கரண்டி ஊற்றினான், அவன் காப்பியில் அதற்கு மேலும். எங்கேயடா கிடைத்தது என்றேன். "நம்ம படகுக்கு வடக்கு எதுன்னு நல்லாத் தெரியும், ஊசி எதுக்கு?" என்று சிரித்தான். "தண்ணி ஊத்தி வச்சிட்டேன், ஆடுது." ஸ்தூர்லாவுக்குக் கொடுத்தாயா என்று கேட்டேன். "அந்தச் சாமியாருக்கா? எது குடுத்தாலும் கிண்ணத்தைக் கவுத்து வச்சிடுவான். ரெண்டு வருஷமா படகுல இதே கூத்துதான்." நாங்கள் இருவரும் சிரித்தோம். காப்பி இதமாக இருந்தது. நான் மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

ஐந்து வருஷம் அதை வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தேன். என் அம்மா ரன்வெய்க்கின் வாசலில் நின்று கத்தியபோது பக்கத்தில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தான். செத்த தம்பிக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்.

பாய்க்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, மீன்களைத்தான் பார்த்தேன்.

"அவரு கவுத்து வச்சது குடிச்சு முடிச்சதுக்கு இல்லக்கா," என்று முடித்தேன். "வேணாம்னு வச்சது."

மழை விடும்வரை அவள் பாயின் ஓரத்தைப் பிடித்தபடியே இருந்தாள். அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரெண்டு வருஷம்," என்றாள் கடைசியில். "தெனமும் அவன் வீட்டுக்குள்ள நுழையறப்போ வாய மோந்து பாத்தேன்டீ. ஒரு நாயி மாதிரி. ஒருநாள்கூட வாடை இல்ல. சிரிச்சிட்டே வாயக் காட்டுவான். செத்த அன்னிக்கு ஊரு சொல்லுச்சு, உடனே நம்பிட்டேன். என் மூக்க நம்பல, ஊர் வாய நம்பினேன்."

பிறகு அழுதாள். ஐந்து வருஷமாக அழாததை அன்றைக்கு அழுதாள். நானும் அழுதேன், ஆனால் என் அழுகைக்கு அங்கே மதிப்பு இல்லை.

"நாளைக்கே ஊருக்குச் சொல்லிடறேன்," என்றேன்.

"உங்கம்மா?"

"அம்மாவுக்கு என்ன?"

"எழுபது வயசு. அவகிட்ட மிச்சம் இருக்கறது அந்தப் புள்ளையோட பேரு ஒண்ணுதான். அதையும் நாளைக்குப் புடுங்கப் போறியா?" முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவ இருக்கற வரைக்கும் சொல்லாதே. அப்பறம் சொல்லு. உனக்காகச் சொல்றேன்னு நெனைக்காதே. உன்னை மன்னிக்கவும் இல்ல."

அன்றைக்கு இரவு அவளுக்குக் கனவு வந்ததாம். என்ன கனவு என்று யாரிடமும் சொல்லவில்லை. எக்கெர்ட் ஒரு வாரம் பித்தளைக் குழாயோடு போராடிவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கே திரும்பி வந்தான்.

செப்டம்பரில் உன்னூருக்குப் பையன் பிறந்தான். ஞானஸ்நானத்துக்கு ஊரே கோயிலில் கூடியிருந்தது. அதற்குள் ஸ்பெயின் கடை திறந்துவிட்டதால் சில ஆண்களின் கன்னம் கொஞ்சம் சிவந்திருந்தது. ரன்வெய்க் பிள்ளையை ஏந்திக்கொண்டு ஞானஸ்நானத் தொட்டியருகே நின்றாள். முந்தின நாள் மகளிடம், "நான் சொன்னது பொய்க் கனா. உங்கப்பாதான் வந்தாரு," என்று மட்டும் சொல்லியிருந்தாள். உன்னூரின் முகத்தைப் பார்த்தவர்கள் அவளுக்கு ஏதோ திருவிழா என்று நினைத்திருப்பார்கள்.

"பிள்ளையின் பெயர்?" என்று போதகர் கேட்டார்.

"ஸ்தூர்லா," என்றாள் ரன்வெய்க்.

போதகரின் கை தண்ணீரிலேயே நின்றது. பின்வரிசையில் யாரோ, "அடுத்து திசைகாட்டியையும் தொட்டில்ல கட்டி விடு," என்றார்கள். என் அம்மா எழுந்தாள். கைத்தடி பலகைத் தரையில் தட்டத் தட்ட, நடுவழியாக நடந்து வாசல் வரைக்கும் போனாள். வெகுநேரம் ஆயிற்று. கதவருகே நின்று திரும்பி, "வெக்கமில்ல உனக்கு?" என்றாள், ரன்வெய்க்கைப் பார்த்து. ரன்வெய்க் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. என்னைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பேரனின் தலையில் வழிந்த தண்ணீரைத் தன் சால்வை நுனியால் ஒற்றினாள். எல்லாரும் பாட எழுந்தார்கள், நானும் எழுந்து பாடினேன்.

அன்றிலிருந்து என் அம்மா சாகும்வரை ரன்வெய்க்கின் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. கடையில் பார்த்தால் வெளியே போய்விடுவாள். ரன்வெய்க் பொறுத்துக்கொண்டாள். அம்மா 1931-ல் போனாள். ரன்வெய்க் சவப்பெட்டிக்குப் பின்னால் கடைசி வரைக்கும் நடந்து வந்தாள். கல்லறை வாசலில் என்னைப் பார்த்தாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த 'நாளைக்கு' வந்து சேர நாலு வருஷம் ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் சின்ன ஸ்தூர்லாவைப் 'பனிக்கட்டி' என்று கூப்பிடுகிறார்கள் என்றும், அவன் தினமும் சண்டை போட்டுச் சட்டையைக் கிழித்துக்கொண்டு வருகிறான் என்றும் தெரிந்தும் சொல்லவில்லை. ரன்வெய்க் ஒருதடவைகூடக் கேட்கவில்லை. தொட்டிக்கு எதிர்ப்பக்கம் நின்று மீன் தேய்த்தாள், மழை வரும் என்றாள், வந்தது.

இந்த ஜனவரியில் நெஞ்சு வலியில் போய்விட்டாள். இருபது வருஷச் சட்டமும் அந்த வாரத்தில்தான் தன் கடைசி நாட்களை எண்ணிக்கொண்டிருந்தது. பிப்ரவரி முதல் தேதி மறுபடி சாராயம் விற்கலாம் என்று தீர்மானமாகியிருந்தது. அடக்கம் முடிந்து சங்கத்துக் கூடத்தில் எல்லாருக்கும் காப்பியும் அப்பமும் கொடுத்தார்கள். ஆண்கள் ஒரு மூலையில் கூடி எந்தச் சாராயம் முதலில் வரும் என்று மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

என் தம்பி கெஸ்தூர்தான் திசைகாட்டியைக் குடித்தான் என்றேன். நானும் இரண்டு கரண்டி குடித்தேன் என்றேன். ஸ்தூர்லா சட்டம் வந்த நாளிலிருந்து சாகும் நாள்வரை ஒரு சொட்டுத் தொடவில்லை, ஊர் உறைந்த தண்ணீரை அவன் தலையில் கட்டியது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். கிழவன் எக்கெர்ட் தன் கிண்ணத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

உன்னூர் எழுந்து என் முன்னால் வந்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா இது?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"நீ இவனைப் பெக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து."

காறித் துப்புவாள் என்று நினைத்தேன்.

"அப்போ எங்கம்மா எங்கப்பாவ நம்பித்தான் செத்திருக்கா," என்றாள்.

"ஆமா."

அதற்குப் பிறகு அவளுக்கு நான் அங்கே இல்லை. திரும்பி, கூடத்தின் அந்தக் கோடியில் ஜன்னலோரம் நின்றிருந்த மகனை, சுவர் அதிரும்படி கூப்பிட்டாள்.

"ஸ்தூர்லா! இங்க வா!"

பதினெட்டு வருஷத்தில் அந்தப் பெயரை எங்கள் ஊரில் யாரும் அவ்வளவு சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அவன் வந்தான். ஆண்கள் நாற்காலிகளை நகர்த்தி அவனுக்கு வழி விட்டார்கள்.